ஆனையிறவு உப்பும் அகப்படாத அலைகளும்

அண்மையில் பளையில் ஓர் அந்தியேட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டத்தைச் சுற்றி ஆட்கள் கூடியிருந்த நேரம். முப்பத்தைந்து வயதைக் கடந்த ஒரு பெண் என்னருகே வந்தார். முகமாலைப் பக்கத்தில் நெடுங்காலம் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தவர் என்று பின்னர் அறிந்தேன்.

"அண்ணை, நீங்கள்தானே முந்திப் பேப்பரிலை எழுதினது, மண்ணுக்குள்ளை கிடக்கிற வெடியை வெளியிலை நிண்டே காட்டுற கதிர் ஒண்டு வரப்போகுதெண்டு? நான் அப்ப பள்ளிக்கூடம். அப்பா வாசிச்சுக் காட்டினவர். அது வந்ததோ?"

வரவில்லை. அவர் கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். எனக்குத்தான் வெற்றிலை கசந்தது.

அந்தச் செய்தியை நான் எழுதியது 2003ஆம் ஆண்டு. சமாதான காலம். ஏ-9 பாதை திறந்து ஓராண்டு கடந்திருந்தது. ஆங்கிலச் சஞ்சிகையொன்றில் கண்ட அறிவியற் குறிப்பைத் தமிழாக்கி, இனிக் கண்ணிவெடிக்கு ஒளிய இடமில்லை என்ற பொருள்பட ஒரு தலைப்பையும் நானே இட்டேன். மூலக்குறிப்பில் 'எதிர்காலத்தில் இயலக்கூடும்' என்று இருந்தது. தலைப்பில் அந்தக் 'கூடும்' இல்லை. நான் கலைப் பட்டதாரி. அன்று எனக்கு அந்த அலையின் பெயரைச் சரியாக உச்சரிக்கவும் தெரியாது. இருபது ஆண்டுகள் பிந்தி எழுதும் திருத்தமாக இதனை வாசகர்கள் கொள்ளலாம். அறிவியல்நகரிலுள்ள பொறியியற் பீடத்தில் படித்து வெளியேறிய மருமகன் ஒருவர் பொறுமையோடு சொல்லித் தந்ததும், அதன்பின் நானாகத் தேடி வாசித்ததும் இதில் உள்ளன.

முதலில் அந்த அலை எது என்பதைச் சொல்லவேண்டும். வானொலி அலையும் நாம் காணும் ஒளியும் ஒரே குடும்பம். துடிப்பின் வேகமே வேறு. செக்கனுக்கு எத்தனை துடிப்பு என்ற கணக்கை எங்கள் பாடநூல்கள் மீடிறன் என்கின்றன. தமிழகத்தார் அதிர்வெண் என்பர். பண்பலை வானொலியின் அலை செக்கனுக்கு ஏறத்தாழப் பத்துக் கோடி முறை துடிக்கிறது. சிவப்பு ஒளி நானூறு இலட்சம் கோடிக்கு மேல். இரண்டுக்கும் நடுவே, ஓர் இலட்சம் கோடித் துடிப்பைச் சுற்றியுள்ள பரப்பே டெராஹேர்ட்ஸ் எனப்படுவது. ஒரு டெராஹேர்ட்ஸ் என்றால் சரியாக ஓர் இலட்சம் கோடி. அதன் அலைநீளம் 0.3 மில்லிமீற்றர். 0.1 இலிருந்து 10 டெராஹேர்ட்ஸ் வரையுள்ள பகுதியை இப்பெயரால் குறிப்பது வழக்கம். துணி, கடதாசி, பிளாஸ்டிக், உலர்ந்த மரம் ஆகியவற்றினூடாக இது செல்லும். எக்ஸ் கதிரைப்போல் உடலின் அணுக்களைச் சிதைக்கும் வலு இதற்கு இல்லை. இவ்வளவு நல்ல பண்புகள் உள்ள அலையை ஏன் எவரும் பயன்படுத்தவில்லை என்றால், அதனை உண்டாக்குவதும் கடினம், உணர்வதும் கடினம். வானொலிக்காரரின் மின்சுற்றுகளுக்கு அது மிக வேகம். ஒளிக்காரரின் விளக்குகளுக்கு மிக மந்தம்.

இந்த அலையின் வரலாற்றைத் தேடிப் போனால் முதலில் எதிர்ப்படுவது உப்பு.

ஆனையிறவு உப்பைச் சொல்கிறேன் என்று எண்ணவேண்டாம். ஆனால் பொருள் ஒன்றே. என் சிறுபராயத்தில் யாழ்தேவி ஆனையிறவைக் கடக்கும்போது பெட்டியின் ஒரு பக்கத்துச் சனம் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். வெயிலில் கண் கூசும் வெண்குவியல்கள். 1990இல் போரினால் அந்த உப்பளம் நின்றது. 1991, 2000, 2009 என்று அந்த நிலத்தில் நடந்தவற்றை நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. இன்று அங்கே மீண்டும் உப்பு விளைகிறது. பாத்தியின் ஓரத்தில் ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். சின்னஞ்சிறு சதுரமுகங்கள் தெரியும். சோடியம் அயனும் குளோரின் அயனும் மாறி மாறி, மேலும் கீழும் பக்கமும் ஒரே சீராக அடுக்கப்பட்டதன் வெளித்தோற்றம் அது. இதைத்தான் நாங்கள் பளிங்கு என்கிறோம், தமிழகத்தில் படிகம். சூரியன் நீரைக் குடிக்க, மிஞ்சியது தானாக அடுக்கிக்கொண்ட ஒழுங்கு.

அந்த அடுக்கு அசையாமல் இருப்பதில்லை. சோடியம் ஒரு பக்கமும் குளோரின் எதிர்ப்பக்கமுமாக அது அதிர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த அதிர்வின் மீடிறன் ஏறத்தாழ 5 டெராஹேர்ட்ஸ். ஆகையால் அதே வேகத்தில் வரும் அலையைக் கண்டால் உப்பு அதனை உள்ளே விடாமல், கண்ணாடிபோல் திருப்பி அனுப்பிவிடும். மற்ற அலைகளில் பெரும்பகுதி ஊடுருவிப் போய்விடும்.

இந்தக் குணத்தைப் பயன்படுத்தியவர் யேர்மனியின் ஹைன்ரிக் ரூபன்ஸ். சூடான விளக்கொன்றிலிருந்து எல்லா வகை வெப்பக் கதிர்களும் கலந்து வருகின்றன. அதில் நீண்ட அலைகள் மிகச் சொற்பம். அந்தக் கலவையை மினுக்கிய பளிங்கு முகமொன்றில் தெறிக்கவிட்டு, தெறித்ததை மறுபடி அதே வகைப் பளிங்கில் தெறிக்கவிட்டு, இப்படிப் பல தடவை செய்தால் ஈற்றில் மிஞ்சுவது அப்பளிங்கு விரும்பித் தெறிக்கும் அலை மட்டுமே. எஞ்சு கதிர் என்று அதற்குப் பெயர் வைத்தனர். அரிசி புடைப்பதுபோல என்று மருமகன் சொன்னார், சரியான உவமை. 1897இல் அமெரிக்கரான ஏர்னெஸ்ட் ஃபொக்ஸ் நிக்கல்ஸ் என்பவருடன் சேர்ந்து ரூபன்ஸ் இம்முறையைத் தொடங்கினார். 1898இல் அஷ்கினாஸ் என்பவருடன் சேர்ந்து பாறையுப்பில் 51 மைக்கிரோமீற்றர், பொற்றாசிய உப்பில் 61 மைக்கிரோமீற்றர் அலைகளைப் பிரித்தெடுத்தார். இன்றைய கணக்கில் 6, 5 டெராஹேர்ட்ஸ். ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்கிரோமீற்றர்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று அப்போது கேட்டிருந்தால் ரூபன்ஸாலும் சொல்லியிருக்க முடியாது. 1900ஆம் ஆண்டு அவரும் குர்ல்பவும் என்பவரும் பேர்லினில் இந்த எஞ்சு கதிர்களை வைத்து, சூடான பொருளொன்று வெப்பநிலைக்கு ஏற்ப நீண்ட அலைகளை எவ்வளவு வெளிவிடுகிறது என்று அளந்தனர். அளவுகள் அன்று நிலவிய சூத்திரத்துடன் ஒத்துப்போகவில்லை. ஒக்டோபர் 7ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, ரூபன்ஸ் மனைவியுடன் மக்ஸ் பிளாங்கின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனார். பேச்சுவாக்கில் தம் அளவுகளைச் சொன்னார். விருந்தாளிகள் போனபின் அன்றிரவே பிளாங்க் புதிய சூத்திரத்தைக் கண்டுபிடித்து, ஒரு தபாலட்டையில் எழுதி ரூபன்ஸுக்கு அனுப்பினார். அந்தச் சூத்திரத்துக்குக் காரணம் தேடப்போய்த்தான், சக்தி தனித்தனிப் பொட்டலங்களாகவே கைமாறுகிறது என்ற முடிவுக்கு டிசம்பரில் வந்தார். குவாண்டம் பௌதிகவியலின் பிறப்பு என்று இதனைச் சொல்வர். அதன் தொட்டிலில் ஒரு கட்டி உப்பு இருந்தது என்பதை எவரும் எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை.

இதே ஆண்டுகளில் எதிர்த்திசையிலிருந்து, அதாவது வானொலிப் பக்கத்திலிருந்து, ஒருவர் நடந்து வந்துகொண்டிருந்தார். கல்கத்தாவின் பிரசிடென்சிக் கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ். மற்றவர்கள் மீற்றர்க் கணக்கில் நீளமான அலைகளை உண்டாக்கி மகிழ்ந்தபோது, இவர் அலைநீளத்தை 5 மில்லிமீற்றர் வரை குறைத்தார். 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில், கண்ணுக்குத் தெரியாத அந்த அலையைச் சுவரினூடே அனுப்பி மணியடிக்கவும் வெடிமருந்தைக் கொளுத்தவும் செய்து காட்டினார். அலையின் தளத்தை வடிகட்ட அவர் கையாண்ட கருவிகள் பத்திரிகைக்காரனாகிய எனக்குப் பிடித்தவை. பளிங்குகள் மட்டுமன்று, முறுக்கிய சணல் கட்டு, இடையிடையே வெள்ளீயத் தாள் செருகிய ரயில் நேர அட்டவணைப் புத்தகம்! அலையை உணர்வதற்குக் கலீனா என்னும் ஈயக் கனிமப் பளிங்கை அவர் பயன்படுத்தியமைக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

ரூபன்ஸ் ஒரு கரையிலும் போஸ் மறு கரையிலும் நின்றார்கள் எனலாம். நடுவே இருந்த இடைவெளியைத் தொட்டவர்களில் ரூபன்ஸின் பழைய கூட்டாளி நிக்கல்ஸும் ஒருவர். அவர் 1923இல் டியர் என்பவருடன் சேர்ந்து மின்பொறியால் உண்டாகும் அலைகளை வெப்பக் கதிர் எல்லைவரை குறுக்கிக் காட்டினார். 1924 ஏப்ரல் 29ஆம் திகதி, வாஷிங்டனில் அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகத்தின் கூட்டத்தில் அந்த வேலையை விளக்கிப் பேசிக்கொண்டிருக்கையில், மேடையிலேயே உயிர் துறந்தார். அதே ஆண்டில் மொஸ்கோவில் அலெக்சாந்திரா கிளகோலியேவா-அர்க்காதியேவா என்ற பெண் அறிஞர், உலோகத் துருவலை எண்ணெயிற் கலந்து அதனுள் மின்பொறி பாய்ச்சி 82 மைக்கிரோமீற்றர் வரை இறங்கினார். இடைவெளி உண்டு என்பதும் அது கடக்கத்தக்கது என்பதும் உறுதியாயின. ஆனால் பொறியிலிருந்து கிடைத்தது தாறுமாறான, மெலிந்த அலை. அதைக்கொண்டு எதையும் பார்க்க முடியாது.

பிறகு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு இத்துறையில் சொல்லும்படியான பாய்ச்சல் குறைவு. அடுத்த கதவு வேறொரு வீட்டில் திறந்தது.

அதை விளக்க நாதஸ்வரத்தை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு உரத்த சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும்போது, அவ்விரண்டிலும் இல்லாத மூன்றாவது, தாழ்ந்த சுரமொன்று சிலசமயம் காதில் விழும். 18ஆம் நூற்றாண்டில் இத்தாலிய வயலின் கலைஞர் தார்த்தினி இதைக் கவனித்து எழுதினார். அந்த மூன்றாம் சுரத்தின் மீடிறன் மற்ற இரண்டின் வித்தியாசம். அது பெரும்பாலும் காற்றில் இல்லை, காதுக்குள் பிறக்கிறது. மெல்லிய ஒலிக்குக் காது நேர்மையாக அசையும். உரத்த ஒலிக்கு ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் கோணலாக அசையும். அந்தக் கோணல்தான் இரண்டு சுரங்களைக் கலந்து வித்தியாசத்தைப் பெற்றெடுக்கிறது.

ஒளிக்கும் இப்படி நடக்குமா? சாதாரண ஒளிக்கு நடப்பதில்லை. இரண்டு டோர்ச் வெளிச்சங்கள் குறுக்கே சென்றால் ஒன்றை ஒன்று தொடாமல் போய்விடும். பளிங்கின் மின்துகள்களைக் கோணலாக அசைக்கும் அளவுக்கு உரத்த ஒளி தேவை. அது 1960இல் கிடைத்தது, லேசர் என்ற பெயரில். மைமன் செய்த முதல் லேசரின் உள்ளே இருந்தது மாணிக்கம். இரத்தினபுரி மாணிக்கமன்று, செயற்கையானது. மறு ஆண்டே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீற்றர் பிராங்கனும் தோழரும் மாணிக்க லேசரின் சிவப்பு ஒளியைக் குவார்ட்ஸ் பளிங்கினுள் பாய்ச்சினர். 694 நனோமீற்றரில் புகுந்த ஒளியில் மிகச் சிறு துளி, சரிபாதி அலைநீளமான 347இல், கண்ணுக்குத் தெரியாத ஊதாக்கடந்த ஒளியாக வெளிவந்தது. நேரியலற்ற ஒளியியல் அன்று தொடங்கிற்று.

அந்தக் கட்டுரை வெளியான விதத்தைச் சொல்லாமல் விட என் தொழில் இடம்தராது. புகைப்படத் தட்டில் அந்தப் புதிய ஒளி மங்கிய ஒரு புள்ளியாக விழுந்திருந்தது. ஆசிரியர்கள் அதனை அம்புக்குறியிட்டுக் காட்டியிருந்தனர். அச்சுக்குப் போகுமுன் யாரோ அதனை அழுக்கென்று கருதித் துடைத்துவிட்டார்கள். இன்றும் அந்த இதழைப் புரட்டினால் அம்புக்குறி இருக்கிறது. அது சுட்டும் இடத்தில் ஒன்றுமில்லை. அச்சகத்தில் இரவு நின்றவர்கள் இதை நம்புவார்கள்.

துடிப்பு இரட்டிப்பது கூட்டல். அதே கோணலில் கழித்தலும் உண்டு. ஒரு மீடிறனிலிருந்து அதனையே கழித்தால் சுழி. அதாவது அசையாத மின்னழுத்தம். 1962இல் பிராங்கன் குழுவினர் லேசர் செல்லும் பளிங்கில் இம்மின்னழுத்தத்தையும் அளந்தனர். பிறகென்ன? ஏறத்தாழ ஒத்த, ஆனால் சற்று வேறுபட்ட இரண்டு ஒளிகளைப் பளிங்கினுள் விட்டால் அவற்றின் சிறு வித்தியாசம் டெராஹேர்ட்ஸ் பரப்பில் விழும். 1965இல் சேர்னிக்கேயும் பேர்மனும் நியோடிமியம் லேசரின் அருகருகான நிறங்களைக் குவார்ட்ஸில் கலந்து இதைச் செய்து காட்டினர். ரூபன்ஸ் புடைத்துப் பொறுக்கிய அலை இப்போது செய்து எடுக்கும் அலையாயிற்று.

இங்கே உப்புக்குத் திரும்பவேண்டும். லேசரை ஆனையிறவு உப்பினுள் விட்டால் இது நடக்குமா என்று மருமகனைக் கேட்டேன். நடக்காது என்றார். காரணம் உப்பின் ஒழுங்கு. ஒவ்வோர் அயனைச் சுற்றியும் இடமும் வலமும் முற்றிலும் ஒன்று. எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரே எதிர்ப்பு, கோணலுக்கு வழியில்லை. உள்ளே இலகுவாகத் திறந்து வெளியே நிலையில் முட்டும் கதவுபோல, ஒரு பக்கம் ஒருவிதமாகவும் மறுபக்கம் வேறுவிதமாகவும் நடக்கும் பளிங்கே வேண்டும். குவார்ட்ஸ் அப்படிப்பட்டது. அதைவிடப் பன்மடங்கு வலியது இலித்தியம் நியோபேற்று. ஒரு நூற்றாண்டுக்கு முன் இந்த அலையை அடையாளம் காட்டிய உப்பு, தன் அழகான சமச்சீரினாலேயே அதனைப் பெற்றெடுக்க முடியாத மலடாக நிற்கிறது.

இவ்விடத்தில் திருச்சிராப்பள்ளியில் பிறந்த ச.வே.இராமனும் வருகிறார். 1928இல் அவர் கண்டது, பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் சிறுபகுதி சற்றுக் குறைந்த மீடிறனோடு வெளிவருகிறது என்பது. குறைந்த அந்தப் பங்கு எங்கே போயிற்று? பொருளின் உள் அதிர்வாக மாறிற்று. பளிங்கு அடுக்குகளின் அந்த அதிர்வுகள் பெரும்பாலும் டெராஹேர்ட்ஸ் பரப்பிலேயே உள்ளன. இலித்தியம் நியோபேற்று போன்ற பளிங்கில் அவ்வதிர்வு மின்னலையோடு பின்னிப் பிணைந்திருப்பதால், தகுந்த கோணத்தில் அது வெளியே நழுவி அலையாகவே வந்துவிடும். 1969 தொடங்கி ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இவ்வழி ஆராயப்பட்டது. பின்னர் ஜப்பானின் செண்டாய் நகரில் இதோவும் கவசேயும் அதனைக் கையாளத்தக்க கருவியாக்கினர். லேசரின் ஓர் ஒளித்துகள் உடைகிறது. பெரிய துண்டு சற்றே சிவந்த ஒளியாகவும், சிறு துண்டு டெராஹேர்ட்ஸாகவும் பிரிகின்றன. இராமன் கண்ட கழித்தல்தான் இது. அன்று பளிங்கினுள் தங்கிய மிச்சம் இன்று வெளியே வருகிறது, அவ்வளவே.

ஆனால் கணக்கு கொடியது. 1 மைக்கிரோமீற்றர் லேசர் 300 டெராஹேர்ட்ஸ். அதில் ஒரு துகளை உடைத்து 1 டெராஹேர்ட்ஸ் துகள் ஒன்று எடுத்தால், கொடுத்த சக்தியில் முந்நூறில் ஒரு பங்கே கைக்கு வரும். முந்நூறு ரூபா கொடுத்து ஒரு ரூபா வாங்கும் நாணய மாற்று. ஒரு துகளும் வீணாகாதிருந்தால் உள்ள நிலைமை இது. நடைமுறையில் பெரும்பாலும் அதனினும் மிகக் குறைவு. மான்லி, ரோ என்ற இருவர் 1956இலேயே எழுதிவைத்த விதி. எந்தப் பளிங்காலும் அதைச் சுற்றிப் போக இயலாது. மிஞ்சிய சிவந்த ஒளியை மீண்டும் உடைத்துச் சற்று மேலதிகம் பெறலாம் என்பதே ஆறுதல்.

இன்னொரு தொல்லை, பளிங்கினுள் ஒளியும் டெராஹேர்ட்ஸும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. இலித்தியம் நியோபேற்றில் ஒளி இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் ஓடிவிடும். இங்கே பிறந்த அலையும் அங்கே பிறந்த அலையும் தாளம் தப்பி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 1984இல் ஓஸ்ரனும் தோழரும், வேகமாக ஓடும் ஒளித் துடிப்பின் பின்னே, படகின் பின் விரியும் நீரலைபோல் கூம்பாக டெராஹேர்ட்ஸ் விரிவதைக் காட்டினர். 2002இல் ஹங்கேரியரான ஹெப்லிங் ஒளித்துடிப்பின் முகத்தையே சரித்துவிட்டார். நேராக நடக்கும் படைவரிசை சரிந்து நின்றால், அதன் முகம் பக்கவாட்டில் மெதுவாக நகர்வதுபோல் தோன்றுமல்லவா? அந்த மெதுவான நகர்வோடு டெராஹேர்ட்ஸ் அலை சேர்ந்து நடந்தது. இன்றைய வலிய டெராஹேர்ட்ஸ் துடிப்புகளிற் பல இந்த உபாயத்தின் பிள்ளைகள்.

வேறு பளிங்குகளைத் தேடுவோரும் உளர். அதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையத்தை நடத்திய பேராசிரியர் பெ.இராமசாமியும் சங்கரநாராயணனும் 2005இல் வெளியிட்ட முறை அவ்விருவர் பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது. கண்ணாடிக் குழாயின் அடியில் ஒரு விதைப் பளிங்கை வேண்டிய திசையில் வைத்து, மேலே கரைசலை ஊற்றி, மேற்பகுதியை மெதுவாகச் சூடாக்கி நீரை ஆவியாக்கினால், பளிங்கு அந்த ஒரு திசையிலேயே தூணாக வளரும். நேரியலற்ற ஒளியியலுக்குப் பளிங்கின் திசை முக்கியம் என்பதால் இது பெரிய வசதி. வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆவியாக்கு, காத்திரு, அள்ளு: ஆனையிறவில் வெயில் செய்கிற வேலைதான். ஒரு வித்தியாசம், உப்பளத்தில் கோடிக் கட்டிகள், இங்கே ஒரே கட்டி, அதற்குப் பல வாரக் காவல்.

இப்போது என் 2003ஆம் ஆண்டுச் செய்தி. அவ்வாண்டில் கவசே குழுவினர், தபாலுறைக்குள் மறைத்த போதைப்பொருளை உறையைத் திறக்காமலே டெராஹேர்ட்ஸ் அலையால் இனங்கண்டதாக வெளியிட்டனர். ஒவ்வோர் இரசாயனமும் இப்பரப்பில் தனக்கே உரிய சில மீடிறன்களை விழுங்கும். அது அதன் கைரேகை. அலை பிறந்தது இலித்தியம் நியோபேற்றில். ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்துக்கும் 0.8 டெராஹேர்ட்ஸ் அளவில் இவ்வாறான கைரேகை இருப்பது அதே காலத்தில் தெரியவந்தது. இவையெல்லாம் உண்மை. உறையிலிருந்து மண்ணுக்குத் தாவியதுதான் பிழை. தாவியவர்களில் நானும் ஒருவன்.

நீர்தான் காரணம். 1 டெராஹேர்ட்ஸ் அலையின் சக்தி நீரினுள் ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு போவதற்குள் பாதிக்கும் கீழாகிவிடுகிறது. ஒரு தலைமயிரின் தடிப்பளவு. வன்னி மண்ணில், மாரியில் வெள்ளமும் கோடையில் கசிவும் உள்ள மண்ணில், ஒரு சாண் கீழே கிடக்கும் பொருளுக்கு இந்த அலை போய்ச் சேரவே சேராது. சேர்ந்தாலும் திரும்பி வராது. மணற் பருக்கைகளும் அதைச் சிதறடிக்கும். ஈரக்காற்றுக்கூட அதனை விழுங்கும். முந்நூறுக்கு ஒன்று என்று வாங்கிய காசை வாசலிலேயே பறிகொடுப்பதுபோல.

பயனற்றது என்று சொல்லவில்லை. வண்ணப்பூச்சின் கீழே, மாத்திரையின் பூச்சில், பிளாஸ்டிக் இணைப்பில் உள்ள குறைகளைப் பார்க்க இவ்வலை உதவுகிறது. உணர்வதிலும் பளிங்கே கைகொடுத்தது. வந்துசேரும் மெலிந்த அலையை, லேசரோடு மறுபடி ஒரு பளிங்கினுள் கலந்து, ஒளியாக உயர்த்தி எடுத்தால், சாதாரண ஒளிக் கருவிகளே அதனை எண்ணிவிடும். இறக்கிய அதே படியால் ஏற்றுவது. ஆனால் இவை மேசைமேல் நடப்பவை. முகமாலையில் அல்ல.

முகமாலையில் கண்ணிவெடி அகற்றிய ஹலோ டிரஸ்ட் இலங்கையில் 2002இலிருந்தே வேலை செய்கிறது. உலோகம் காட்டும் கருவி, கைக் கருவிகள், முழங்காலில் நின்று சாண் சாணாகக் கிளறுதல். பெண்கள் பலர், அவர்களிற் பலர் குடும்பத்தைத் தனியே தாங்குவோர். இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. நிலம் முழுவதையும் துப்புரவாக்க அதற்கு 2028 ஜூன் வரை தவணை.

இவ்வளவையும் அந்தியேட்டி வீட்டில் அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லவில்லை. சொல்லவும் தெரியாது, அன்று எனக்கு இதிற் பாதி தெரியாது. "இல்லைத் தங்கச்சி, அது வரேல்லை. நான் அவசரப்பட்டு எழுதிப்போட்டன்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் நின்றார். "அப்பா அந்தப் பேப்பரை வெட்டி வைச்சிருந்தவர், அண்ணை. 2009இலை பெட்டியோடை போட்டுது" என்றார். பிறகு உள்ளே போய் எனக்குத் தேநீர் கொண்டுவந்து தந்தார்.